பழுது என்ரை கண்ணிலை இல்லை

என் கொம்பியூட்டரை நானேதான் தானம் செய்தேன். கிணற்றடியில் குந்தியிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது செய்த தானம் அது. வயிறு பிரண்டு நிற்கிற நேரத்தில் ஒரு மனிதனிடம் காணியை எழுதித் தா என்று கேட்டாலும் தந்துவிடுவான். என்னிடம் கேட்டவர் அவ்வளவு கொடுமைக்காரர் இல்லை. கொம்பியூட்டரை மட்டும்தான் கேட்டார்.

கேட்டவர் என் மச்சான், மனைவியின் தமையனார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எங்கள் பகுதிச் சனசமூக நிலையத்தின் தலைவர். கரவெட்டியில் எந்தக் கூட்டத்திலாவது ஒலிவாங்கி சும்மா கிடந்தால் அது தானாக அவருடைய கைக்குப் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாழைக்குலையோடு வந்தவர், நான் கதிரையிலிருந்து எழும்பிச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கிணற்றடிக்கு ஓடுவதைக் கண்டு குலையோடேயே பின்னால் வந்தார்.

"என்ன காணும், என்னத்தைத் திண்டனீர்?"

"ஒண்டும் தின்னேல்லை மச்சான். கார் ஓடினனான்."

"கார் உங்கை வாசல்லை எல்லோ நிக்குது?"

"அந்தக் கார் இல்லை. கொம்பியூட்டர்க் கார்."

அவர் நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் குழப்படிகாரப் பிள்ளைகளைப் பார்த்த அதே பார்வையோடு என்னைப் பார்த்தார். பிறகு, "உமக்கு என்ன வயசு?" என்று கேட்டார். என் கலியாணத்துக்குச் சாதகம் பார்த்தவர் அவர். என் வயது அவருக்கு நாழிகை வரைக்கும் தெரியும்.

மனைவி ஒரு வாளி தண்ணீரோடு வந்தாள். "நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன் அண்ணை. ஒரு மாசமா உதே கதைதான். ஓடுறது, தலை சுத்துறது, படுக்கிறது. கண் பழுதாப்போச்சுது எண்டு சொன்னால் கேக்கிறாரில்லை."

"நிலையத்திலை ஒரு கொம்பியூட்டர் இல்லாமல் எங்கடை பிள்ளையள் அந்தரப்படுதுகள்," என்றார் மச்சான். "இஞ்சை ஒண்டு ஆளைக் கொல்லுது. உதைத் தாருமன்."

"கொண்டு போங்கோ," என்றேன். உடனே இன்னொரு முறை வயிறு பிரண்டது. அதை அவர் என்னுடைய கையொப்பமாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு மத்தியானம் ஓட்டோவோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வாழைக்குலையை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதுவரைக்கும் நல்ல மனிதர்.

தேசிக்காய் பிழிந்த தண்ணி குடித்து, படுத்து, எழும்பி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது.

நான் கார் பழக்குகிறவன். எங்கள் பகுதியில் கார் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் பழகியவர்கள். மற்றப் பாதிப் பேர் என்னிடம் பழகியவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள். நாள் முழுக்க இடப்பக்க ஆசனத்தில் இருந்து, எனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஓடுவதைப் பார்ப்பதுதான் என் தொழில். தொண்டைமானாற்றுப் பக்கம் போகிற றோட்டில் எங்களைச் சைக்கிள்கள் முந்திப் போகும். மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கூட முந்திப் போகும். இப்படி வருடக்கணக்காக மெதுவாகப் போனவனுக்கு, வீட்டுக்கு வந்ததும் ஒருமுறையாவது வேகமாகப் போகவேண்டும் என்று இருக்காதா? அதற்காகத்தான் அந்தக் கார்ப்பந்தய விளையாட்டு. மேசையில் இறுக்குகிற சின்ன ஸ்டியரிங், காலுக்கு இரண்டு பெடல். அதில் நான் யாரையும் கொன்றதில்லை. மதிலைத் தவிர யாருக்கும் என்னால் சேதமில்லை.

கொம்பியூட்டரைத் துண்டு துண்டாகப் பழைய சாமான்களில் சேர்த்தேன். மொனிற்றர் மட்டும் புதியது. கனடாவிலிருக்கிற என் தங்கச்சி கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பியது. பந்தய விளையாட்டுக்கென்றே செய்த மொனிற்றராம். பழைய சின்ன மொனிற்றரில் ஓடிய காலத்தில் எனக்கு ஒரு தலைச்சுற்றும் இல்லை. இது வந்த பிறகுதான் எல்லாம்.

அந்தப் பெரிய திரையில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு காட்சியைக் கண்டேன். தெருக்கம்பம் நடுவில் வெட்டுப்பட்டு, மேல் துண்டு ஓரிடத்திலும் கீழ்த் துண்டு வேறிடத்திலும் நிற்கும். அடுத்த கணம் படம் ஒருமுறை திக்கும். பிறகு எதையோ மறந்து விட்டதுபோல முன்னால் பாயும். கண் ஒன்றைச் சொல்ல, ஸ்டியரிங் பிடித்த கை வேறொன்றைச் சொல்ல, நடுவில் கிடந்த வயிறுதான் இரண்டுக்கும் தீர்ப்புச் சொன்னது. வெட்டுப்பட்ட கம்பத்தைப் பற்றி மனைவியிடம் சொன்னபோது, "கண்ணைக் காட்டுங்கோ" என்றாள். காட்டினேன். "வயசுக்கு நல்ல கண்" என்றார் கண் பார்த்தவர். அந்த 'வயசுக்கு' என்ற சொல் இல்லாமலே அவர் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் தாய் ரெலிபோன் எடுத்தாள். "மாஸ்டருக்குத் தலை சுத்தாம், கண்ணும் மங்கலாம் எண்டு நிலையத்தடியிலை கதைக்கினம். பிள்ளையை அனுப்பலாமோ?" மச்சான் என் கொம்பியூட்டரைக் கொண்டுபோக முன்னரே என் கண்ணைக் கொண்டுபோய் நிலையத்தில் ஆட்கள் இருந்து கதைக்கிற வாங்கில் வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குச் சூடு ஏறியது. நேரே குசினிக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சேரும், கொம்பியூட்டர் குடுக்கிறதில்லை."

"சொன்னது சொன்னதுதானே?"

"அது வாந்தியோடை வந்த சொல்லு. வாயாலை வந்ததெல்லாம் வாக்கில்லை."

"அண்ணை ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார். இனி நீங்கள் இல்லையெண்டால் ஆருக்கு வெக்கம்?"

"பழுது என்ரை கண்ணிலை இல்லை. படத்திலை. கம்பம் வெட்டுப்படுது எண்டால் வெட்டுப்படுதுதான். நான் அதைத் திருத்திக் காட்டுறன்."

அவள் தேங்காய் துருவுவதை நிற்பாட்டினாள். அவள் நியாயம் பேசுகிற பெண். அதுதான் என்னுடைய பெரிய கரைச்சல். "சரி. ஞாயிற்றுக்கிழமை அண்ணை வரேக்கை எங்களுக்கு முன்னாலை இருந்து ஓடிக் காட்டுங்கோ. சுத்தாட்டில் வைச்சிருங்கோ. சுத்திச்சுதெண்டால் நானே தூக்கி ஓட்டோவிலை ஏத்துவன். பேந்து ஒரு கதையும் கதைக்கக்கூடாது."

ஒத்துக்கொண்டேன். ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடிக் காட்டவேண்டும் என்பது ஒத்துக்கொண்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்த மாலைகளில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து படித்தேன். கண்டதையும் பார்த்தேன், கண்டவர் சொன்னதையும் கேட்டேன். கடைசியில் எனக்கு விளங்கியவிதம் இதுதான்.

மொனிற்றர் அரசாங்க பஸ் மாதிரி. நேரத்துக்கு வெளிக்கிடும். ஆள் ஏறினாலும் சரி, ஒரு கால் படியிலும் ஒரு கால் றோட்டிலும் நின்றாலும் சரி, அது போகும். கிராபிக்ஸ் கார்ட் கீறிக் கொடுக்கிற படங்கள் பயணிகள் மாதிரி. றோட்டில் ஒன்றும் இல்லாத இடத்தில் கெதியாய் வரும், கார்களும் மரங்களும் நிறைந்த இடத்தில் பிந்தி வரும். பஸ் வெளிக்கிடும் நேரமும் பயணி வரும் நேரமும் பொருந்தாவிட்டால் பாதி ஆள் பஸ்ஸில், பாதி ஆள் தரிப்பிடத்தில். அதுதான் வெட்டுப்பட்ட தெருக்கம்பம். மேல் துண்டு பழைய படம், கீழ்த் துண்டு புதிய படம்.

இதற்கு வி-சிங்க் என்று ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. பயணி முழுதாக ஏறினால்தான் ஏற்றும், பிந்தினால் அடுத்த பஸ்தான். போட்டுப் பார்த்தேன். கம்பம் ஒட்டியது. ஆனால் திக்கல் கூடியது, ஸ்டியரிங்கும் பிந்தியது. நான் திருப்பினால் கார் யோசித்துவிட்டுத் திரும்பியது. பிரேக்கைப் பிடி என்றால், "ஏன் மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் பிடிக்கிற பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கிறவன் நான். வீட்டிலும் அப்படி ஒன்று எனக்கு வேண்டாம்.

புதிய வைத்தியத்துக்குப் பெயர் அடப்டிவ் சிங்க். அது எங்களுடைய தனியார் மினிபஸ். கொண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, வாற ஆளைக் கண்டு, "வாங்கோ வாங்கோ" என்று கூப்பிட்டு, ஆள் ஏறின பிறகுதான் மணி அடிப்பான். கார்ட் படத்தைக் கீறி முடிக்கும்வரை மொனிற்றர் பொறுத்து நிற்கும். முடிந்த உடனே காட்டும். என் மொனிற்றரின் மெனுவுக்குள் அந்தச் செற்றிங் இருந்தது. போட்டேன். ஆனால் கொம்பியூட்டர்ப் பக்கமும் அதைப் போடவேண்டும். கார்ட்டின் செற்றிங்கைத் திறந்து தேடினால் அந்த வரியே அங்கே இல்லை. செக்கனுக்கு நூற்றுநாற்பத்துநாலு தரம் புதுப்பிக்கக் கூடிய மொனிற்றர் என்று பெட்டியில் போட்டிருந்தது. கொம்பியூட்டரோ அறுபதுக்கு மேல் ஒரு எண்ணும் காட்டவில்லை.

எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டேன். மொனிற்றரை நிற்பாட்டிப் போட்டேன். அதன் தலையில் மெல்லத் தட்டியும் பார்த்தேன். புதன்கிழமையாகிவிட்டது. வேறு வழியில்லாமல் நெல்லியடியில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருக்கிற பெண்ணிடம் போனேன். வேறு வழியில்லாமல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவள் என்னிடம் கார் பழகியவள். பரீட்சையில் அடிக்கடி தவறியவள். ஒவ்வொரு முறையும் நான் ஒரு பகிடி விட்டிருக்கிறேன். அவள் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

"வாங்கோ மாஸ்டர்," என்றாள், கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்க. "நிலையத்துக்குக் கொம்பியூட்டர் குடுக்கிறியளாம். நல்ல மனசு."

"குடுக்கேல்லை பிள்ளை. திருத்தப் போறன்." பிரச்சினையைச் சொன்னேன்.

"என்ன வயராலை மொனிற்றருக்குக் குடுத்திருக்கிறியள்?"

"ரீவிக்குப் பின்னாலை கிடந்த வயர்."

"ரீவி வயரோ? மொனிற்றர் வந்த பெட்டிக்குள்ளை ஒரு வயர் இருந்திருக்குமே? டிஸ்பிளே போர்ட் வயர். முனையிலை ஒரு மூலை சரிச்சு வெட்டின மாதிரி இருக்கும்."

"இருந்தது."

"அது எங்கை?"

"அலுமாரிக்குள்ளை."

"ஏன் மாஸ்டர் அலுமாரிக்குள்ளை?"

"அது புதுசு."

அவள் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "புதுசு எண்டபடியால் அலுமாரிக்குள்ளை."

"வெளிநாட்டு வயர் எல்லோ பிள்ளை. பழுதாப்போயிடும் எண்டு…"

"உங்கடை கார்ட்டுக்கும் மொனிற்றருக்கும் அடப்டிவ் சிங்க் அந்த வயராலை மட்டுந்தான் வேலை செய்யும். ரீவி வயராலை அது ஒரு நாளும் வராது." கடையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த மனிசன், கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் எண்டு என்ரை காதுக்குள்ளை கத்தின கத்து இப்பவும் இரையுது. தான் வயரைப் பார்க்கேல்லை."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளிக்கிடும்போது அவள் குரலைத் தணித்து, "எங்கடை வீட்டிலையும் அண்ணை அனுப்பின மிக்சி ஒண்டு பெட்டியோடை கிடக்குது மாஸ்டர்," என்றாள். "அம்மா இன்னும் அம்மியிலைதான் அரைக்கிறா. ஒருத்தரும் தொடக்கூடாது."

எங்கள் வீட்டு அலுமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்ணாடிக் கதவு போட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல சாமான்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். விரிக்காத துவாய்கள், வாசம் போன சவர்க்காரம், பூப்போட்ட பீங்கான்கள். அந்தப் பீங்கான்கள் வெளியே வருவது அவற்றை அனுப்பியவர்கள் விடுமுறையில் வரும்போதுதான். தாங்கள் அனுப்பிய பீங்கானில் தாங்களே சாப்பிட்டுவிட்டு, "இதென்ன, புதுசு போலவே இருக்குது" என்று அதிசயப்பட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் பக்கத்தில் இருந்து சில்வர்த் தட்டில் சாப்பிடுவோம். மொனிற்றர்ப் பெட்டியை உடைத்த அன்று, மினுங்குகிற அந்த வயரைக் கண்டதும் எனக்கும் மனைவிக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது. நாங்கள் ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் அதைப் பொலித்தீன் கழற்றாமல் நீட்டினேன், அவள் வாங்கிப் பீங்கான்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் நாங்கள் வாக்குவாதமில்லாமல் செய்த ஒரு சில வேலைகளில் அதுவும் ஒன்று.

வீட்டுக்கு வந்து, வயரை எடுக்க அலுமாரித் திறப்பைக் கேட்டேன்.

"அதையோ? பழுதாப்போனால் உப்பிடி ஒண்டு இஞ்சை எடுக்கேலாது," என்றாள் மனைவி.

"இப்ப பழுதாப்போய்க் கிடக்கிறது நான்."

"உங்கடை தங்கச்சி வந்து கேட்டால்?"

"அவள் அனுப்பினது பாவிக்கத்தான். நீர் கடையிலை கேட்டுப் பாரும், அந்த வயர் இல்லாமல் இந்த மொனிற்றர் பாதி மொனிற்றர்."

அவள் திறப்பை எடுத்து வந்தாள். வயரைத் தந்தாள். நான் கழற்றிய ரீவி வயரை வாங்கி, துடைத்து, வட்டமாகச் சுற்றி, அதே இடத்தில் வைத்துப் பூட்டினாள். பீங்கான்களுக்குப் பக்கத்தில் இடம் வெறுமையாகக் கிடப்பது அவளுக்குப் பிடிக்காது.

புதிய வயரைக் கொழுவினேன். கொம்பியூட்டர் நூற்றுநாற்பத்துநாலைக் காட்டியது. கார்ட்டின் செற்றிங்கில் இல்லாத வரி வந்து நின்றது. அதைப் போட்டேன். விளையாட்டுக்குள் இருந்த வி-சிங்கை நிற்பாட்டி, கார்ட்டின் செற்றிங்கில் இருப்பதை மட்டும் போடவேண்டும் என்று முந்தியே படித்திருந்தேன். அப்படியே செய்தேன். ஓடினேன். முதல் வளைவு வந்தது. தெருக்கம்பம் ஒரே துண்டாக நின்றது. அழவேண்டும் போல இருந்தது. ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஆம்பிளை தெருக்கம்பத்தைப் பார்த்து அழுதால் அதையும் நிலையத்தடியில் கதைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆனால் வேலை முடியவில்லை. பந்தயம் ஊருக்குள் நுழைந்து, கார்களும் சனமும் நிறைந்த தெருவுக்கு வந்ததும் பழைய திக்கல் திரும்பி வந்தது. திரையின் மூலையில் ஃபிரேம் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். செக்கனுக்கு எத்தனை படம் என்கிற எண் அது. வெறும் றோட்டில் நூற்றைம்பது, சனத்துக்குள் நாற்பது. ஏறி இறங்கிக் கூத்தாடியது. மினிபஸ்ஸுக்கும் ஒரு பொறுமைதான் இருக்கிறது. என் மொனிற்றர் நாற்பத்தெட்டுக்கும் நூற்றுநாற்பத்துநாலுக்கும் நடுவில்தான் கார்ட்டுக்காகப் பொறுத்து நிற்கும். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் பழையபடிதான்.

இங்கேதான் என் தடிப்பு வேலை செய்தது. நூற்றுநாற்பத்துநாலு என்று பெட்டியில் போட்டிருக்கிறது, எனக்கு அது முழுக்க வேண்டும் என்று நின்றேன். செக்கனுக்கு இதற்கு மேல் கீறாதே என்று கார்ட்டுக்குக் கட்டளை போடுகிற ஃபிரேம் லிமிற்றை அந்த உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தேன். என் பழைய கார்ட்டால் தலைகீழாக நின்றும் அந்த எண்ணைப் பிடிக்க முடியவில்லை. கொம்பியூட்டரின் காற்றாடி அரிசி மில் மாதிரி இரைந்தது. அறை வெக்கையில் அவிந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "நெல்லுக் குத்துறியளோ?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலை ஒரு பிள்ளையோடு றோட்டில் போய்க்கொண்டிருந்தேன். அவன் காரை விரட்டுவதும் பிரேக் அடிப்பதுமாக இருந்தான். "தம்பி, நீ பிடிக்கக்கூடிய வேகத்தைப் பிடிச்சுக்கொண்டு அதிலையே போ. வயித்தைப் பிரட்டுது," என்றேன். சொல்லி முடித்ததும் என் வாயை நானே பார்த்தேன். இந்த வசனத்தைப் பதினைந்து வருடமாகக் காசு வாங்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருக்கிற கார்ட்டுக்கு ஒருமுறையும் சொல்லவில்லை.

அன்று மாலை கணக்கை மற்றப் பக்கத்தால் பார்த்தேன். உச்சத்தை விட்டுவிட்டு அடியைப் பிடித்தேன். நிழல்களைக் குறைத்தேன். புல்லைக் குறைத்தேன். றோட்டோரம் நின்று கைதட்டுகிற சனத்தின் முகங்களை மங்கலாக்கினேன். என் ஓட்டத்தைப் பார்த்துக் கைதட்ட அவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கவில்லை. சனத் தெருவிலும் எண் எண்பதுக்குக் கீழே இறங்காமல் நின்றது. பிறகு லிமிற்றைப் படிப்படியாய் இறக்கினேன். நூறில் கொஞ்சம் திக்கல். தொண்ணூறில் சிலநேரம். எழுபத்தைந்தில் வைத்தபோது அந்த எண் மூலையில் அப்படியே உறைந்து நின்றது. வெறும் றோட்டில் எழுபத்தைந்து, சனத்துக்குள் எழுபத்தைந்து. காற்றாடி அடங்கியது. படம் எண்ணெய் போட்டதுபோல வழுகிப் போனது. ஒரு மணித்தியாலம் ஓடினேன். எழும்பி, ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். விழவில்லை. என் நிறைக்கு அது சின்னச் சாதனை இல்லை.

ஞாயிறு மத்தியானம் மச்சான் வந்தார். வெள்ளை வேட்டி, சால்வை. கொம்பியூட்டரைப் பொறுப்பேற்பதற்கும் ஒரு விழா உடுப்பு. ஓட்டோக்காரன் படலையடியில் நின்றான். நான் இறைச்சிக் கறியோடு சாப்பிட்டு ஏவறை விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓடிக் காட்டப் போறீராம்," என்றார். "தங்கச்சி சொன்னவள். காட்டும் பாப்பம். வாளி பக்கத்திலை வைச்சிருக்கிறீரோ?"

"உங்களுக்கும் சேர்த்து வைச்சிருக்கிறன் மச்சான்."

முதலில் பழுதைக் காட்டவேண்டும் என்று சொன்னேன். அடப்டிவ் சிங்கை நிற்பாட்டினேன், லிமிற்றைக் கழற்றினேன். மச்சான் பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரிக் கதிரையை இழுத்து, என் தோளுக்குப் பக்கத்தில், திரைக்குக் கிட்ட இருந்தார். ஓடினேன். நான் திரையின் ஓரத்தைப் பார்த்து ஓடினேன். அவர் நடுவைப் பார்த்தார். கம்பங்கள் வெட்டுப்பட்டன. படம் திக்கிப் பாய்ந்தது. இரண்டாவது சுற்றில் அவர் பேச்சை நிற்பாட்டினார். மச்சான் பேச்சை நிற்பாட்டுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மூன்றாவது சுற்றில் சால்வையால் நெற்றியைத் துடைத்தார்.

"தங்கச்சி," என்றார், குரல் எங்கேயோ கிடந்தது. "ஒரு தேசிக்காய் கொண்டு வா."

"என்னண்ணை, சுத்துதே?"

"வெய்யிலுக்கை வந்தது."

"உங்கடை கண்ணையும் ஒருக்காக் காட்டுங்கோவன் மச்சான்," என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கிழமையாக அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அவர் தேசிக்காயை மணந்துகொண்டிருக்க, நான் செற்றிங்குகளைத் திரும்பப் போட்டேன். மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். ஓடினேன். வளைவுகள், சனத் தெரு, பாலம், திரும்ப வளைவுகள். ஒரு கம்பமும் உடையவில்லை. ஒன்றும் திக்கவில்லை. கடைசி வளைவில் நேரே போய் மதிலில் மோதினேன். முந்தி மோதும்போது படம் கிழிந்ததால் மோதினேன் என்று சொல்லிக்கொள்வேன். இந்த முறை ஒவ்வொரு செங்கல்லும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அந்த அழகான மதிலுக்குள் நான் என் முழு மடைத்தனத்தோடும் வழுக்கிக்கொண்டு போனேன்.

"சுத்துதே?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லை."

என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெளிறவில்லை. கண்ணைப் பார்த்தாள். "அண்ணை, இவருக்கு ஒண்டுமில்லை," என்றாள்.

மச்சான் தேசிக்காயை மேசையில் வைத்தார். தோற்றவர் போலத் தெரியவில்லை. "நல்லது," என்றார். "மிச்சம் நல்லது. திருத்தின கொம்பியூட்டர். நிலையத்துக்கு இன்னும் பிரயோசனம். தம்பி, வந்து தூக்கு!"

ஓட்டோக்காரன் படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

"மச்சான், நான் ஓடிக் காட்டிப்போட்டன்," என்றேன்.

"அதைத்தானே சொல்லுறன். கண்ணிலை பழுதில்லை, கொம்பியூட்டரிலையும் பழுதில்லை. சந்தோசம். ஆனால் உமக்கு உது என்னத்துக்குக் காணும்? ஐம்பது வயசாகப் போகுது. இருந்து கார் விளையாடுறதாலை ஆருக்கு என்ன நன்மை?"

ஒரு கிழமை முழுக்கக் கண்ணுக்கும் வயிற்றுக்கும் வயருக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இதற்கு வைத்திருக்கவில்லை. தலை சுற்றாவிட்டால் விடுவார்கள் என்று நினைத்தது என்னுடைய பிழை. அவர் கேட்டது ஆரம்பத்திலிருந்தே வேறு. பிரயோசனமில்லாத ஒரு சந்தோசம் இந்த வயதில் ஏன் என்பதுதான் அது.

"நீங்கள் பின்னேரத்திலை நிலையத்திலை முந்நூத்திநாலு சீட்டு விளையாடுறியள்," என்றேன். "கடதாசியை அடிச்சுக் கத்துற சத்தம் சந்தியடி மட்டும் கேக்குது. அதாலை ஆருக்கு என்ன நன்மை?"

"அது மூளைக்கு வேலை."

"எனக்கு மூளைக்கு வேலை வேண்டாம் மச்சான். அது இருக்கிற மாதிரி இருக்கட்டும். எனக்கு இது விருப்பம். கெதியா ஓட விருப்பம், மதிலிலை மோத விருப்பம். அறுபது வயசிலையும் ஓடுவன். எழுபதிலை கண் மங்கினால் இன்னும் பெரிய மொனிற்றர் எடுப்பன். நிலையத்துக்குக் கொம்பியூட்டர் வேணுமெண்டால் கூட்டம் போடுங்கோ, எல்லாரும் சேர்ந்து வாங்குவம், நானும் என்ரை பங்கைத் தாறன். இது வராது."

ஓட்டோக்காரன் அறை வாசலில் ஒரு காலும் விறாந்தையில் ஒரு காலுமாக நின்றான். மச்சான் தன் தங்கச்சியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. "சுத்தாட்டில் வைச்சிருக்கிறது எண்டுதான் கதை அண்ணை," என்றாள். "சுத்தினது உங்களுக்கு." பிறகு ஓட்டோக்காரனிடம், "நீ இரு தம்பி, தேத்தண்ணி போடுறன். வெறுங்கையோடை போறாய், வெறும் வயித்தோடையாவது போகாதை," என்றாள்.

மச்சான் தேத்தண்ணி குடிக்கவில்லை. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். "ஊர் என்ன சொல்லுமெண்டு யோசிச்சீரோ?" என்றார் உள்ளே இருந்துகொண்டு.

"அதை நிலையத்தடியிலை நீங்கள்தானே சொல்லப்போறியள் மச்சான். கொஞ்சம் நல்லாய்ச் சொல்லுங்கோ."

ஓட்டோ போன பிறகு மனைவி அறைக்குள் வந்து மச்சான் இருந்த கதிரையில் இருந்தாள். திரையில் என் கார் இன்னும் மதிலுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னொருக்கா ஓடுங்கோ பாப்பம்."

ஓடினேன். அதே வளைவில் அதே மதிலில் மோதினேன்.

"பிரேக்கைப் பிந்திப் பிடிக்கிறியள்," என்றாள். "கார் பழக்கிற மனிசன்."

"நான் பிந்தித்தான் பிடிப்பன்," என்றேன். திரும்பவும் முடுக்கினேன்.